கரையும் கடற்கரையும் கேஜன் பண்பாடும்: அருங்காட்சியக மாலை நிகழ்வுக்குச் செல்வோர் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு ஏதேனும் ஒரு பொருளை மையமாக வைத்து மாலை நிகழ்வுகளை நடத்தும் அருங்காட்சியகங்கள் உண்டு. கடற்கரைச் சூழலையும், கேஜன் என்னும் பிரெஞ்சு வழிவந்த சமூகத்தின் பண்பாட்டையும் சேர்த்துக் கொண்டாடும் மாலைகளே அவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானவை. மெக்சிகோ வளைகுடாக் கரையோர நகரங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் உறவினர்களும் இத்தகைய நிகழ்வுகளுக்குப் புறப்படும் முன் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கதவு மூடிய பிறகு அருங்காட்சியகத்தில் என்னதான் நடக்கும்?

பகலில் பள்ளிப் பிள்ளைகளின் வரிசையும் வழிகாட்டியின் குரலுமாக இருக்கும் கூடங்கள் மாலையில் வேறு முகம் காட்டும். நுழைவுச்சீட்டுடன் உள்ளே சென்றதும் காட்சிக்கூடங்களை விருப்பம்போல் சுற்றிப் பார்க்கலாம். ஒரு மூலையில் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேச ஆய்வாளர் ஒருவர் நிற்பார். இன்னொரு மூலையில் வலை பின்னுபவரோ படகு செய்பவரோ தம் தொழிலைச் செய்துகாட்டுவார். முற்றத்தில் பெரிய பாத்திரத்தில் உணவு கொதிக்கும். இரவு ஏற ஏற அக்கார்டியன் என்னும் துருத்தி இசைக்கருவி ஒலிக்கத் தொடங்கி, நாற்காலிகள் ஓரமாக நகர்ந்து, நடனத்துக்கு இடம் உண்டாகும். அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகம் நிரல் மாறுபடும் என்றாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பற்றி அதைக் கையாண்டு வாழ்ந்தவரிடமே கேட்கலாம் என்பதுதான் இந்த மாலைகளின் சிறப்பு.

கடற்கரைச் சூழலையும் கேஜன் பண்பாட்டையும் ஏன் ஒரே மாலையில் வைக்கிறார்கள்?

அவை இரண்டும் இரு வேறு பொருள்கள் அல்ல என்பதால்தான். கேஜன் வீட்டில் இறால் குழம்பு கொதிக்க வேண்டுமென்றால் இறால் குஞ்சுகள் ஒளிந்து வளரச் சதுப்புப் புல் வேண்டும். தட்டையடிப் படகு ஓட ஆழமில்லாத நீரோடை வேண்டும். அந்தப் படகைச் செய்ய நீரில் கிடந்தாலும் எளிதில் உளுக்காத சைப்ரஸ் மரம் வேண்டும். அந்த மரம் வாழ உப்பேறாத நீர் வேண்டும். நிலம் கடலுக்குள் போகும்போது பண்பாடு மட்டும் தனியே கரையில் நின்றுவிடாது. மொழியும் சமையலும் இசையும் அந்த மண்ணோடு சேர்ந்தே கரைகின்றன என்பதைப் பேச்சாகச் சொன்னால் எவருக்கும் எட்டாது. ஒரு தட்டு உணவும் ஒரு பழைய வரைபடமும் ஒரு பாட்டும் ஒரே கூடத்தில் எதிரெதிரே இருக்கும்போது அது தானாகவே விளங்கிவிடும்.

கேஜன் மக்கள் யார்? எங்கிருந்து வந்தவர்கள்?

இன்று கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்று அழைக்கப்படும் பகுதியிலும் அதை ஒட்டிய இடங்களிலும் 1604 முதல் பிரெஞ்சுக் குடியேறிகள் வாழத் தொடங்கினர். அந்த நாட்டுக்கு அக்காடியா என்று பெயர். கடல் ஏற்றத்தின்போது மூழ்கும் உவர்ச் சதுப்புகளைச் சுற்றி மண்கரை எழுப்பி, அந்தக் கரையின் அடியில் மரத்தாலான ஒரு மதகை வைத்து, மழைநீர் வெளியேறவும் கடல்நீர் உள்ளே வராமலிருக்கவும் வழி செய்து, உப்பு நீங்கிய அந்த மண்ணில் பயிரிட்டவர்கள் அவர்கள். அந்த மதகில் ஒரு மடல் தொங்கும். உள்ளிருக்கும் நீர் தள்ளும்போது அது திறக்கும். வெளியே கடல் ஏறும்போது அந்த அழுத்தமே அதை அறைந்து மூடிவிடும். சதுப்பு நிலத்தோடு வாழும் கலை லூசியானாவில் அவர்கள் புதிதாகக் கற்றதன்று என்பதற்காகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1713இல் செய்துகொள்ளப்பட்ட உத்ரெக்ட் உடன்படிக்கையின்படி அக்காடியா பிரிட்டனின் கைக்குப் போயிற்று. எந்த நிபந்தனையும் இல்லாமல் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க அக்காடியர்கள் மறுத்ததால், 1755 ஜூலை 28 அன்று துணைநிலை ஆளுநர் சார்ல்ஸ் லாரன்ஸின் அவை அவர்களை நாடு கடத்தும் முடிவை எடுத்தது. வீடுகள் கொளுத்தப்பட்டன, குடும்பங்கள் பிரிக்கப்பட்டன, கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் அட்லாண்டிக் கரையோரக் குடியேற்றங்களில் இறக்கிவிடப்பட்டார்கள். நோயாலும் கப்பல் மூழ்கியும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பெருங்குலைவு என்ற பொருள்படும் பெயரால் அந்த நாட்களை அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். 1765இல் பொசொலெய் என்று அழைக்கப்பட்ட ஜோசப் புரூசார் தலைமையில் ஏறத்தாழ 200 பேர் லூசியானா வந்தடைந்தனர். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்தனர். அப்போது லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அக்காடியன் என்ற சொல் பேச்சில் தேய்ந்து கேடியன் ஆகி, பின்னர் கேஜன் ஆயிற்று.

அந்த நாடுகடத்தலால் நேர்ந்த துயரத்தை ஒப்புக்கொண்டு, ஜூலை 28ஆம் நாளை நினைவுநாளாக அறிவிக்கும் அரச ஆணை இரண்டாம் எலிசபெத் அரசியின் பெயரால் வெளிவந்தது 2003ஆம் ஆண்டில்தான். இடையில் ஓடியவை ஏறத்தாழ 250 ஆண்டுகள்.

கேஜன், கிரியோல் இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஆனால் நெருங்கிய உறவு உண்டு. கிரியோல் என்ற சொல் முதலில் குடியேற்ற நாட்டிலேயே பிறந்தவர்களைக் குறித்தது. நாளடைவில் ஆப்பிரிக்க, பிரெஞ்சு, ஸ்பானியக் கலப்பு மரபுடையவர்களைச் சுட்டுவதற்குத் தென்மேற்கு லூசியானாவில் அதிகமாக வழங்கலாயிற்று. அக்கார்டியனை இரு சமூகத்தாரும் வாசிக்கிறார்கள், கம்போ என்னும் குழம்பை இரு சமூகத்தாரும் சமைக்கிறார்கள், பிரெஞ்சையும் இரு சமூகத்தாரும் பேசினார்கள். கேஜன் உணவு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பலவற்றில் ஆப்பிரிக்க மக்களின் கையும், சொக்டா போன்ற பூர்வகுடிகளின் கையும் இருக்கின்றன. நிகழ்வில் பேசுபவர் இதைச் சொல்லாமல் விட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

தமிழர்களுக்கு இங்கே ஒரு சிறு நூலிழைத் தொடர்பும் உண்டு. 1786இல் ஸ்பானிய ஆளுநர் எஸ்டபன் மிரோ, ஆப்பிரிக்க மரபுடைய பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். சிறுமைப்படுத்தவென்று போடப்பட்ட அந்த ஆணையை அப்பெண்கள் அழகிய வண்ணத் தலைக்கட்டுகளாக மாற்றிக்கொண்டார்கள். அந்தத் தலைக்கட்டுகளுக்கு அவர்கள் விரும்பி எடுத்த கட்டம்போட்ட பருத்தித் துணி, கப்பலேறிய துறைமுகத்தின் பெயராலேயே மெட்ராஸ் என்று வழங்கியது. கிரியோல் உடைகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்தில் அந்தக் கட்டங்களைக் கண்டால் கடந்து போய்விடாதீர்கள்.

கடற்கரைக்கு என்ன ஆகிறது?

தென்கிழக்கு லூசியானா முழுவதும் மிசிசிப்பி ஆறு கடந்த 7,000 ஆண்டுகளில் கொண்டுவந்து சேர்த்த வண்டல். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று சொல்லத்தக்க இடைவெளியில் ஆறு தன் வழியை மாற்றிக்கொண்டு, புதிய இடத்தில் நிலத்தைக் கட்டும். பழைய இடம் மெல்ல அமிழும். கட்டுவது அமிழ்வதைவிட விரைவாக நடந்தவரை கரை வளர்ந்தது.

1927இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றின் இருமருங்கிலும் இருந்த கரைகளை மத்திய அரசு உயர்த்திப் பலப்படுத்தியது. நகரங்கள் காப்பாற்றப்பட்டன. அதே வேளையில், வெள்ளத்தோடு சதுப்புக்குள் பரவ வேண்டிய வண்டல், நேராக ஆழ்கடலுக்குள் போய் விழலாயிற்று. மண் இயல்பாகவே அமிழ்ந்துகொண்டிருக்கும் இடத்தில் புது மண் வராவிட்டால் நிலம் நிற்காது. அதன்மேல், எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கும் குழாய்களுக்கும் வழி செய்யச் சதுப்பின் குறுக்கே ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. கால்வாய் வழியே கடல்நீர் உள்ளே ஏறும். நன்னீரில் வாழும் புல் மடியும். மண்ணைப் பிடித்திருந்த வேர் அழுகும். பிறகு அடுத்த புயலின் அலை அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போகும். கடல் மட்டமும் உயர்ந்துகொண்டிருக்கிறது.

இதன் விளைவை அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அளந்திருக்கிறது. 1932 முதல் 2016 வரை சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் நிலம் போயிற்று. 1932இல் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு அது. மிக விரைவாக அழிந்த காலத்தில் 34 நிமிடத்துக்கு ஓர் அமெரிக்கக் கால்பந்துத் திடல் அளவும், அண்மைய காலத்தில் 100 நிமிடத்துக்கு ஒரு திடல் அளவும் என்று அவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். நீங்கள் மாலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்து ஒன்பதரைக்கு வெளியே வந்தால், அதற்குள் இரண்டு திடல்கள் போயிருக்கும் என்று கொள்ளலாம்.

அப்படியானால் கரையை வெட்டி ஆற்றைச் சதுப்புக்குள் விட்டுவிடலாமே?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மாலையில் சூடான விவாதம் எழுவதும் இங்கேதான். ஆற்றை விட்டால் நிலம் உண்டாகும் என்பதற்குக் கண்முன்னே சான்று இருக்கிறது. அட்சஃபலாயா ஆற்றிலிருந்து வெள்ளத்தை வடிக்க 1940களின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட வாக்ஸ் லேக் வடிகால், 1973 வெள்ளத்துக்குப் பிறகு கடலோரத்தில் ஒரு புதிய டெல்டாவையே கட்டியிருக்கிறது. மாநிலம் முழுக்கக் கரை தேயும்போது அங்கே மட்டும் தீவுகள் முளைத்து, வில்லோ மரங்கள் வேர்பிடித்து நிற்கின்றன.

இதே முறையில் மிசிசிப்பியிலிருந்து பாரட்டேரியா பகுதிக்கு வண்டல் நீரைத் திருப்ப, ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்பீட்டில் ஒரு பெரும் திட்டம் 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. 2025இல் மாநில அரசு அதைக் கைவிட்டது. செலவு ஒரு காரணம். நன்னீர் பாய்ந்தால் சிப்பிப் படுகைகளும் இறால் பிடிப்பும் அழியும் என்ற மீனவர்களின் எதிர்ப்பு இன்னொரு காரணம். அந்தத் திட்டம் வேண்டும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால், அப்பனும் பாட்டனும் சிப்பி எடுத்த நீரில் தானும் சிப்பி எடுத்து வாழ்கிற ஒருவர், ஐம்பது ஆண்டு கழித்து வரப்போகும் நிலத்துக்காக இந்த ஆண்டுப் பிழைப்பை எப்படி விடுவது என்று கேட்டால், அவரை எதிரியாகப் பார்க்க முடியாது. அவரும் அந்தக் கரையின் பிள்ளைதான்.

காட்சிக்கூடத்தில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் அடுத்தடுத்து மாட்டியிருந்தால் அங்கே பத்து நிமிடமாவது நில்லுங்கள். தென்கோடியில் உள்ள பிளாக்மின்ஸ் பாரிஷில் (மாவட்டத்தை இங்கே பாரிஷ் என்பார்கள்) 30க்கும் மேற்பட்ட இடப்பெயர்களை அண்மைய ஆண்டுகளில் அரசின் கடல் வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். யெல்லோ காட்டன் பே என்ற விரிகுடாவும் அவற்றுள் ஒன்று. விரிகுடாவைச் சூழ்ந்திருந்த நிலம் போய்விட்டால் விரிகுடா என்று எதைச் சொல்வது? திறந்த கடல்தான் மிஞ்சும், அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

அடுத்தது, பிரோக் என்னும் படகு. ஒற்றை சைப்ரஸ் மரத்தைக் குடைந்து செய்த பழைய பிரோக் கிடைத்தால், அதன் உட்புறத்தைக் குனிந்து பாருங்கள். வாய்ச்சியின் ஒவ்வொரு கொத்தும் மீன் செதில் போலப் பதிந்திருக்கும். பூர்வகுடிகளிடமிருந்து கற்ற அந்தக் கலையைக் குடியேறிகள் தொடர்ந்தார்கள். பின்னாளில் பலகையால் செய்யத் தொடங்கினார்கள்.

நியூட்ரியா என்ற பெரிய கொறிவிலங்கின் தோலையோ மண்டையோட்டையோ கையில் தருவார்கள். முன்பற்கள் நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். உரோமத்துக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து 1930களில் கொண்டுவரப்பட்ட இவ்விலங்கு, சதுப்புப் புல்லை வேரோடு தின்று நிலத்தை மொட்டையடிக்கிறது. வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் பணம் என்ற திட்டத்தை மாநிலம் 2002 முதல் நடத்துகிறது. நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் அதே ஆகாயத்தாமரை இங்கேயும் நீரோடைகளை அடைப்பதைக் கண்டு பலர் வியந்திருக்கிறார்கள். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

கூழைக்கடாவையும் விட்டுவிட வேண்டாம். மாநிலக் கொடியிலேயே இருக்கும் பறவை, பூச்சிக்கொல்லி நஞ்சால் 1960களின் தொடக்கத்தில் லூசியானாவில் அடியோடு இல்லாமற்போயிற்று. 1968 முதல் ஃபுளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து மீண்டும் வாழவைத்தார்கள். இழந்த ஒன்றைத் திரும்பப் பெற்ற கதை இந்தக் கரையில் அரிது. அதனால் அதைச் சொல்லும்போது அருங்காட்சியகப் பணியாளர்களின் குரலிலேயே ஒரு மகிழ்ச்சி தெரியும்.

ஊரோடு இடம்பெயர்ந்த தீவு என்று சொல்கிறார்களே, அது எது?

டெரபோன் பாரிஷில் உள்ள ஐல் டி ஜான் சார்ல்ஸ் என்ற தீவு. அங்கே வாழ்ந்தவர்கள் கேஜன் அல்லர்; பிரெஞ்சு பேசும் பூர்வகுடியினர். 1955க்குப் பிறகு தீவின் நிலத்தில் 98 விழுக்காடு நீருக்குள் போயிற்று. தீவை இணைத்த ஒரே சாலை, காற்று திசை மாறி அடித்தாலே மூழ்கிவிடும்; அந்த நாளில் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, பெரியவர்களுக்கு வேலை இல்லை. 2016இல் மத்திய அரசு 4.83 கோடி டாலர் ஒதுக்கியது. சுமார் 65 கிலோமீட்டர் வடக்கே ஷ்ரீவர் என்ற ஊரருகே புதிய குடியிருப்பு கட்டப்பட்டு, 2022இல் குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. வீடு கிடைத்தது நல்லதுதான். ஆனால் முன்னோர் புதைக்கப்பட்ட இடத்துக்கு இனிப் படகில்தான் போக வேண்டியிருக்குமோ என்று அஞ்சுபவர்களிடம் புதிய வீட்டின் வசதிகளைப் பட்டியலிட்டுப் பயனில்லை.

சாப்பிட என்ன கிடைக்கும்?

கம்போதான் முதலில் வரும். சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடும் குழம்பு என்று சொன்னால் நமக்குப் போதும். வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு மூன்றும் அதன் அடித்தளம். குழம்பைக் கெட்டியாக்க வெண்டைக்காய் போடுவார்கள். கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வெண்டைக்காய் இல்லாவிட்டால், சாசஃப்ராஸ் மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்த ஃபிலே என்ற தூளைக் கடைசியில் தூவுவார்கள். அது சொக்டா மக்கள் தந்தது. எண்ணெயில் மாவைக் கிளறிச் செய்யும் ரூ என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. அடிகனத்த சட்டியில், சிறு தீயில், கரண்டியை நிறுத்தாமல் முக்கால் மணி நேரம்வரை கிளறுவார்கள். வெள்ளை மாவு மணல் நிறமாகி, கடலைத்தோல் நிறமாகி, கடைசியில் காய்ச்சிய வெல்லப்பாகின் கருஞ்சிவப்புக்கு வரும்போது, வறுத்த கொட்டையின் மணம் எழும். அந்த நொடியில் நறுக்கிய வெங்காயத்தைக் கொட்டினால் சட்டி சீறி அடங்கும். ஒரு கணம் தவறி அடியில் கரும்புள்ளி விழுந்துவிட்டால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். கருகிய ரூவை எதனாலும் சரிசெய்ய முடியாது.

கிராஃபிஷ் என்னும், சிங்கி இறாலின் சிறு வடிவம் போன்ற நன்னீர் உயிரியை, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், மிளகாய்த்தூளுடன் அவித்து, செய்தித்தாள் விரித்த மேசையில் அப்படியே கொட்டுவார்கள். தென்மேற்கு லூசியானாவில் நெல் அறுத்த வயலிலேயே நீரைத் தேக்கி, குளிர்காலம் முழுக்க இதை வளர்க்கிறார்கள். ஆகவே அது கிடைப்பது ஏறத்தாழ ஜனவரி முதல் ஜூன் வரைதான்.

காய்ந்த இறாலும் தென்படலாம். பாரட்டேரியா விரிகுடாவில் தூண்கள்மேல் மேடை கட்டி, சீன, பிலிப்பினோத் தொழிலாளர்கள் இறாலை அவித்து உலர்த்தினார்கள். ஓடு நீங்குவதற்காக அதன்மேல் வட்டமாக ஆடி மிதிப்பார்கள். மணிலா வில்லேஜ் என்ற அந்த மேடை ஊர் 1965இல் வந்த பெட்சி புயலில் அழிந்தது.

சைவ உணவினர் என்ன செய்வது? காரம் தாங்குமா?

முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிவப்பு பீன்ஸ் சோற்றில் பன்றித் தொத்திறைச்சி இருக்கும். கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். கீரைக் கம்போ என்று பெயர் பெற்றதிலும் பெரும்பாலும் இறைச்சி சேரும். பூடான் என்பது சோறும் பன்றி இறைச்சியும் ஈரலும் அடைத்தது. பன்றியைத் தவிர்ப்பவர்களும் இதை நினைவில் கொள்ளுங்கள். சோளத்தை மிளகாயோடு வதக்கும் மாக் ஷூ, வெண்டைக்காய் வதக்கல் ஆகியவற்றை இறைச்சி சேர்க்காமல் செய்திருக்கிறார்களா என்று சமைப்பவரிடமே கேட்பது நல்லது. கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். காரத்தைப் பற்றி நம்மவர் கவலைப்படத் தேவையில்லை.

எந்த வகை இசை இருக்கும்?

கேஜன் இசைக்குழு சிறியது: பத்துப் பொத்தான் அக்கார்டியன், வயலின், கிதார், முக்கோண இரும்பு. அந்த அக்கார்டியனைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரே பொத்தானை அழுத்தித் துருத்தியைத் தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறொரு சுரம். ஆகவே வாசிப்பவரின் கைகள் ஓயாமல் தள்ளி இழுத்துக்கொண்டே இருக்கும். இசையின் துள்ளல் அந்த மூச்சிலிருந்தே பிறக்கிறது. முதலில் ஜெர்மனியிலிருந்து வந்த கருவிகளையே வாசித்தார்கள். இரண்டாம் உலகப் போரால் வரத்து நின்ற பிறகு உள்ளூரிலேயே செய்யக் கற்றார்கள். முக்கோண இரும்பை வைக்கோல் வாரியின் பல்லை வளைத்துச் செய்தார்கள்.

முதல் கேஜன் இசைத்தட்டை ஜோ ஃபால்கனும் கிளியோமா ப்ரோவும் 1928இல் நியூ ஆர்லியன்ஸில் பதிவு செய்தார்கள். பிறகு, படித்தவர்கள் நடுவில் இது பட்டிக்காட்டு ஓசை என்று ஒதுக்கப்பட்ட காலமும் வந்தது. 1964இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் வயலின் கலைஞர் டூயி பால்ஃபாவும் அவருடைய தோழர்களும் வாசித்தபோது ஆயிரக்கணக்கானோர் எழுந்து கைதட்டினார்கள். ஊர் திரும்பிய பால்ஃபா, தம் மக்கள் தங்கள் இசையை மதிக்கவேண்டும் என்பதற்காகவே எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். கிரியோல் மக்களின் ஸைடிகோ இசையில், மார்பில் அணியும் நெளிதகட்டுக் கவசத்தைக் கரண்டியால் உரசித் தாளம் எழுப்புவார்கள். கிளிஃப்டன் ஷெனியே அதன் மன்னர் என்று பெயர் பெற்றவர்.

ஆடத் தெரியாதவர்கள் வரலாமா?

தாராளமாக வரலாம். முக்கியமாக இரண்டு வகை ஆட்டம்: வால்ட்ஸ், டூ-ஸ்டெப். தொடக்கத்தில் அரைமணி நேரம் கற்றுத்தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கூட்டம் முழுவதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிவரும். எதிரே போகாமலிருந்தால் போதும். பழைய நாட்டுப்புற நடனக் கூட்டத்துக்கு ஃபே டோ-டோ என்று பெயர். தூங்கு கண்ணே என்று குழந்தையிடம் சொல்லும் சொல் அது. பிள்ளைகளைப் பக்கத்து அறையில் தூங்கவைத்துவிட்டுத் தாய்மார்கள் ஆட வந்ததால் அந்தப் பெயர் நிலைத்தது என்பார்கள்.

இன்னும் பிரெஞ்சு பேசுகிறார்களா?

முதியவர்கள் பேசக் கேட்கலாம், இளையோரிடம் குறைவு. 1921ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்று மொழியாக்கியது. பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளையை, இனிப் பேசமாட்டேன் என்று நூறு தடவை எழுதவைத்தார்கள், அடித்தார்கள், வேறு மொழி தெரியாத சிறுவர்கள், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் சொல்லைக்கூட அறியாமல் தவித்தார்கள். அந்த அவமானத்தைத் தம் பிள்ளைகள் படக்கூடாது என்று நினைத்த பெற்றோர், வீட்டில் ஆங்கிலத்தையே பேசினார்கள். மொழி ஒரே தலைமுறையில் அறுந்தது அப்படித்தான். 1968இல் பிரெஞ்சை வளர்ப்பதற்கென மாநில அரசு ஒரு மன்றம் அமைத்தது. இன்று பிரெஞ்சிலேயே பாடம் நடத்தும் பள்ளி வகுப்புகள் பல பாரிஷ்களில் இருக்கின்றன. நிகழ்வில் பிரெஞ்சு பேசுவோர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் மேசையைக் கண்டால், மொழி புரியாவிட்டாலும் சற்று உட்கார்ந்து கேளுங்கள். தாய்மொழியைப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற நம் வீட்டுக் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு வாருங்கள்: லான்யாப். கடைக்காரர் அளவுக்கு மேல் போடும் கொசுறு என்பது அதன் நேர்ப்பொருள்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

நிகழ்வைப் பொறுத்தது. மது பரிமாறும் மாலைகள் 21 வயது நிரம்பியோருக்கு மட்டும் என்று அறிவிக்கப்படலாம்; அப்போது வாசலில் பெரியவர்களிடமும் அடையாள அட்டை கேட்பார்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோர் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கட்டும். குடும்ப மாலை என்று அறிவித்திருந்தால் பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள்.

எந்தப் பருவம் நல்லது?

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட், செப்டம்பரில் சீட்டு வாங்கினால், நிகழ்வு தள்ளிப்போகக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும். கத்ரீனாவும் ரீட்டாவும் 2005இல் அந்த மாதங்களில்தான் வந்தன, லாராவும் ஐடாவும்கூட ஆகஸ்டில்தான் வந்தன. மார்ச், ஏப்ரல் மாதங்கள் இதமானவை, கிராஃபிஷும் கிடைக்கும்.

மறுநாள் எங்கே போகலாம்?

திபடோ ஊரில் சதுப்புநில அக்காடியருக்கும், யூனிஸ் ஊரில் புல்வெளி அக்காடியருக்கும், லஃபாயெட் நகரில் அக்காடியர் அனைவருக்கும் என்று தேசியப் பூங்காத் துறை மூன்று பண்பாட்டு மையங்களை வைத்திருக்கிறது. லஃபாயெட்டில் வெர்மிலியன்வில் என்ற பழங்கால ஊர் அமைப்பும் உண்டு. நேரம் இருந்தால் கிராண்ட் ஐல் வரை வண்டியோட்டிச் செல்லுங்கள். வழியெங்கும் உப்பேறிப் பட்டுப்போன மரங்கள் வெள்ளை எலும்புபோல நீருக்குள் நிற்பதையும், வீடுகள் மூன்று நான்கு மீட்டர் உயரத் தூண்களில் ஏறி நிற்பதையும் காணலாம்.

பார்த்துவிட்டு வருவதோடு சரியா, ஏதாவது செய்யவும் முடியுமா?

முடியும். நியூ ஆர்லியன்ஸ் உணவகங்களில் மிஞ்சும் சிப்பி ஓடுகளைச் சேகரித்து, வெயிலில் உலர்த்தி, கரையோரத்தில் புதிய சிப்பித் திட்டுகளாக அடுக்கும் பணி 2014 முதல் நடக்கிறது. ஓடுகளைப் பையில் நிரப்பத் தன்னார்வலர்கள் வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டு மரங்களை வாங்கி, சதுப்பில் மரச்சட்டத்துக்குள் அடுக்கி, அலையைத் தணித்து வண்டலைப் பிடிக்கச் செய்கிறார்கள். புதிதாக மண் கொட்டிய இடங்களில் புல் நடும் நாட்களும் உண்டு. அதற்குப் பெயர் கொடுப்பதற்கான தாளை மாலை நிகழ்வின் மேசைகளிலேயே வைத்திருப்பார்கள். நாற்று நட்ட கைகளுக்கு அந்த வேலை புதிதாகத் தோன்றாது. சேறு முழங்கால்வரை இழுக்கும் என்பதால் இறால் பிடிப்பவர்கள் அணியும் வெள்ளை ரப்பர் காலணியை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், மதிய உணவையும் குடிநீரையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.